நிலம் விற்பதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் சுகோய் போர் விமானத்தின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள். பைலட் ஆக வேண்டும் என்பது ஆசை. அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பாவுக்குப் பதினைந்து மா, அதாவது சுமார் ஐந்து ஏக்கர் நிலம். சென்னையில் ஓர் ஏஜென்ட், "இப்பவே ரெண்டு லட்சம் கட்டினா சீட் பிளாக் பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். நகையை வைப்பதா, நிலத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துவிடுவதா என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார். "நான் எங்கேருந்து ஆரம்பிக்கணும் சார்?" என்பது அவள் கேள்வி.

பாப்பா, முதல் வேலையாக அந்த ரெண்டு லட்சத்தைக் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். பத்தாவது படிக்கும் பிள்ளைக்குப் பிளாக் பண்ணி வைக்க எந்த சீட்டும் இல்லை. விமானத்தில் பயிற்சிக்கு ஏற வேண்டுமானால் மாணவர் விமானி உரிமம் வேண்டும். எஸ்.பி.எல். என்போம். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 16 வயதும் ஆக வேண்டும். சொந்தமாக ஓட்டிப் பார்க்கும் பி.பி.எல். உரிமத்துக்கு 17 வயது. சம்பளத்துக்கு ஓட்டும் சி.பி.எல். உரிமத்துக்கு 18 வயது, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், 200 மணி நேரப் பறப்பு. இதையெல்லாம் விதித்து உரிமம் கொடுப்பது டி.ஜி.சி.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு. ஏஜென்ட் கொடுக்க முடியாது.

நான் பாபநாசத்துக்காரன். இன்ஸ்ட்ரக்டராகப் பிள்ளைகளுக்குப் பல வருடம் பறக்கச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது டி.ஜி.சி.ஏ. தேர்வுப் பாடங்கள் எடுக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னைத் தேடி வரும்போது பெரும்பாலும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பணம் கட்டிவிடுகிறார்கள், பிறகு படிப்பு, கடைசியில்தான் மெடிக்கல். அது முதலில் உடம்பு, பிறகு படிப்பு, அதற்குப் பிறகே பணம் என்று மாற வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பையன் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறான். ஆற்றங்கரைப் படுகை நிலத்தை அவன் அப்பா விற்றிருந்தார். ஒரு ஃப்ளையிங் ஸ்கூல் மெடிக்கல் சான்றிதழைக் கேட்காமலேயே முதல் தவணையை வாங்கிக்கொண்டது. நாலு மாதம் கழித்து மெடிக்கலுக்குப் போனவன் கையில் ஒரு தாளோடு என்னிடம் வந்தான். என்னிடம் நிறக்குருடு பார்க்கும் புத்தகம் ஒன்று இருந்தது. எடுத்து விரித்தேன். பச்சையும் ஆரஞ்சுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகளால் நிரப்பிய வட்டம். எனக்கு 74 தெரிந்தது. "என்ன நம்பர்?" என்றேன். கொஞ்சமும் தயங்காமல் "இருபத்தொண்ணு சார்" என்றான். சிவப்பு, பச்சை பிரித்தறியாத கண்ணுக்கு அந்தப் பக்கத்தில் 21தான் தெரியும். பதினெட்டு வருடம் அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இரவில் ஓடுபாதை விளக்குகளின் நிறத்தை வைத்து இறங்க வேண்டிய வேலை இது. அதனால் இதில் எளிதாகச் சலுகை கிடைக்காது. அந்தப் புத்தகம் எல்லாக் கண் டாக்டர் மேசையிலும் இருக்கும். பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே இந்த மாதமே கண் டாக்டரிடம் போ. நிறம் சரியாகத் தெரிகிறதா, பவர் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள். கண்ணாடி போட்டிருந்தால் பயப்படாதே. கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் சிவில் விமானம் ஓட்டலாம். கண்ணாடி போட்ட கேப்டன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விமானப்படையில் பறக்கும் பிரிவுக்கு மட்டும் கண் விதி இதைவிடக் கடுமை. "லேசர் பண்ணிட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதே. எந்த வயதில், எந்த முறையில், எவ்வளவு பவருக்குச் செய்தது என்றெல்லாம் பார்ப்பார்கள். சின்ன வயதில் வலிப்பு, ஆஸ்துமா, காதில் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்.

16 வயது ஆனதும் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்பு மெடிக்கல் எடுக்கலாம். கிளாஸ் டூ என்பார்கள். சி.பி.எல்.லுக்குக் கிளாஸ் ஒன் வேண்டும். அது பெங்களூரில் உள்ள விமானப்படை வான்மருத்துவ நிலையம் போன்ற குறிப்பிட்ட இடங்களில்தான் நடக்கும். இந்த இரண்டு தாளும் கைக்கு வந்த பிறகு ஃப்ளையிங் ஸ்கூல் வாசலை மிதித்தால் போதும்.

அடுத்தது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வருடக்கணக்கில் அலைவது இதற்காகத்தான். அது உன் பெயர். நமக்கு இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். டி.ஜி.சி.ஏ. கணினியில் இவை மூன்று வேறு ஆட்கள். உன் பள்ளியில் பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் தயாரிக்கும்போது உன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று வகுப்பு ஆசிரியரிடம் உட்கார்ந்து பார். அப்போது பேனாவால் திருத்திவிடலாம். மார்க் ஷீட் அச்சாகி வந்துவிட்டால் சென்னைக்கும் ஊருக்கும் நடக்க வேண்டும். பிற்பாடு மார்க் ஷீட்டுக்கு உண்மைத்தன்மைச் சான்றும் கேட்பார்கள். அதையும் நினைவில் வை.

பதினொன்றில் குரூப் எடுக்கும்போது கவனம். கணிதம்–உயிரியல் எடுத்தாலும் சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் சரி, இரண்டிலும் இயற்பியலும் கணிதமும் இருக்கின்றன. நீட் எழுதும் தோழிகளோடு சேர்ந்து பாட்டனி–ஜுவாலஜி உள்ள பியூர் சயின்ஸுக்குப் போய்விட்டால் கணிதம் போய்விடும். ஏற்கெனவே வேறு குரூப்பில் படித்து முடித்த அக்கா, அண்ணன் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியலையும் கணிதத்தையும் தனியாக எழுதித் தேறலாம்.

தமிழ் வழியில் படிப்பதைப் பற்றி ரொம்பக் கவலையோடு எழுதியிருந்தாய். தேர்வும் ஆங்கிலம், ரேடியோவும் ஆங்கிலம், உண்மைதான். ஆனால் ரேடியோ ஆங்கிலம் மேடைப் பேச்சு ஆங்கிலம் இல்லை. அளந்து வைத்த சில நூறு சொற்கள்தான். ஒன்பதை அங்கே 'நைன்' என்று சொல்ல மாட்டோம், 'நைனர்' என்போம். ஐந்து 'ஃபைஃப்'. இரைச்சலில் நைனும் ஃபைவும் ஒன்றுபோலக் கேட்டுவிடும், உயரம் மாறிப்போய்விடும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ என்று இருபத்தாறையும் மனப்பாடம் செய். வழியில் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை அப்படியே வாய்விட்டுச் சொல்லிப் பழகு. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரம் ஒன்று போதும், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இனி காசில்லாமல் இன்றைக்கே படிக்கக்கூடியதைச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

திருச்சி விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் பெரிதாக எழுதியிருக்கும். 09 என்றால் திசைகாட்டியில் 90 பாகை, நேர் கிழக்கு. 27 என்றால் 270, நேர் மேற்கு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்துத்தான் போகும். இறக்கைக்குத் தூக்கு விசை கொடுப்பது அதன் மேல் ஓடும் காற்றின் வேகம். எதிர்க்காற்று இருந்தால் தரையில் குறைந்த வேகத்திலேயே அந்தத் தூக்கு கிடைத்துவிடும். ஆடியில் அம்மியைப் பறக்க வைக்கும் காற்று நமக்கு மேற்கிலிருந்து வருகிறது. அப்போது விமானங்கள் பெரும்பாலும் மேற்கு முகமாக, 27இல் இறங்கும். அதாவது நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தாழ்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது மறுபக்கம் திரும்பிவிடும். ஒரு வருடம் நோட்டில் குறித்துக்கொண்டு வா. தேதி, காற்று எந்தப் பக்கம், விமானம் எந்தப் பக்கமிருந்து இறங்கியது. விமான ரேடார் செயலியைப் பள்ளிக் கம்ப்யூட்டரிலோ அப்பா போனிலோ திறந்தால் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

இப்போது ஒரு கணக்கு. திருச்சியும் நாகப்பட்டினமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நேர் கிழக்கே சுமார் 67 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். உன்னிடம் 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 100 கடல் மைல் போகும் செஸ்னா என்ற சின்ன விமானம் இருக்கிறது. காற்றே இல்லாத நாளில் போக 40 நிமிடம், வர 40 நிமிடம். ஆடியில் மேற்குக் காற்று 20 நாட் என்று வைத்துக்கொள். போகும்போது காற்று தள்ளுகிறது, 120 நாட், 34 நிமிடத்தில் நாகை. திரும்பும்போது காற்று எதிர்க்கிறது, 80 நாட், 50 நிமிடம். மொத்தம் 84. போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டத்துக்குச் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆகவில்லை, பார்த்தாயா? எதிர்க்காற்றில் நீ அதிக நேரம் நிற்கிறாய், அதனால் அது எடுத்துக்கொள்வதும் அதிகம். எரிபொருளைச் 'சமமாகிவிடும்' என்று போட்டவன் வயலில்தான் இறங்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. தேர்வில் வழியும் நேரமும் கணிக்கும் ஏர் நேவிகேஷன் தாளின் அடிப்படை இதுதான். உன் எட்டாம் வகுப்புக் கணக்கு இதற்குப் போதும்.

இன்னொன்று வானிலை. எல்லாப் பெரிய விமான நிலையங்களும் குறிப்பிட்ட இடைவெளியில் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பை வெளியிடும். இணையத்தில் திருச்சியின் மெட்டாரை இலவசமாகப் பார்க்கலாம். மார்கழி விடியலில் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்: 05004, பிறகு 2000, பிறகு 22/21, கடைசியில் க்யூ 1015. முதல் எண் காற்று, 050 பாகையிலிருந்து, அதாவது வடகிழக்கிலிருந்து 4 நாட். இரண்டாவது பார்வைத் தூரம், 2000 மீட்டர். 22/21 என்றால் வெப்பநிலை 22, பனிநிலை 21. பனிநிலை என்பது காற்றில் உள்ள ஈரம் நீராக மாறும் வெப்பம். க்யூ காற்றழுத்தம். இதில் நீ பார்க்க வேண்டியது அந்த 22க்கும் 21க்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஒரே ஒரு பாகை. மேகமில்லாத இரவில் ஈரமான சம்பா வயல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து அந்த ஒரு பாகையையும் இழந்தால் மூடுபனி. வெயில் ஏறியதும் விலகும். கோலம் போட வெளியே வரும்போது எதிர்வீடு தெரியாமல் இருக்குமே, அதை நகரத்துப் பிள்ளை புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீ எழுந்து வாசலுக்கு வந்தால் போதும்.

அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. தன் விமானி அறிவுக் கையேட்டை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. படங்களோடு, எளிய ஆங்கிலம். தினம் ஒரு பக்கம் அகராதியோடு படி. கம்ப்யூட்டர் கிடைத்தால் ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. நேராகப் பறப்பது, திரும்புவது, உயரம் மாறாமல் வைப்பது, இவ்வளவும் அதில் போதும். சிமுலேட்டரில் வளர்ந்த பிள்ளைகள் மீட்டர்களையே முறைத்துக்கொண்டு வெளியே பார்க்காமல் ஓட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்குப் பத்து மணி நேரம் பிடித்திருக்கிறது.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிய, 2024 அக்டோபர் 11 மாலையை நினைத்துப் பார். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு 141 பேரோடு கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பில், கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் வானத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது. டி.வி. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். ஏன் உடனே இறங்கவில்லை? தூரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் எடை அதிகம், நிற்க நீளம் அதிகம் வேண்டும். அந்த 737 ரகத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். அத்தனை நேரமும் அவசரப்படாமல் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பைலட் வேலை. சாகசத்துக்கு அங்கே இடமே இல்லை.

என்.சி.சி. உன் பள்ளியில் இருந்தால் சேர். ஏர் விங் இருந்தால் ரொம்ப நல்லது. ஏர் விங் கேடட்டுகளுக்கு மைக்ரோலைட் விமானத்தில் பறக்கும் வாய்ப்பு வரும். ஆர்மி விங் மட்டும் இருந்தாலும் விடாதே, கல்லூரியில் ஏர் விங்குக்குப் போகலாம்.

உன் தலைக்கு மேல் போகும் சுகோய் பற்றியும் கேட்டிருந்தாய். தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 அன்று சுகோய்களின் 222ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, தொடங்கியது. சுகோய் ஓட்டும் வழி காசு கேட்காத வழி. பன்னிரண்டாவது படிக்கும்போதே தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வின் தேர்வை எழுதலாம். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. பெண்களை 2022இலிருந்து சேர்க்கிறார்கள். முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். எழுத்துத் தேர்வில் கணிதம் தனித்தாள், பிறகு படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணல். பறக்கும் பிரிவுக்கு அதோடு ஒரு கணினித் தேர்வு உண்டு. கையும் கண்ணும் காலும் ஒன்றாக இயங்குகின்றனவா என்று பார்க்கும் தேர்வு. அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். அதனால் "சும்மா எழுதிப் பார்க்கலாம்" என்று தூக்கக் கலக்கத்தோடு போய் உட்காராதே. உன் தம்பிக்கும் இந்த ஆசை இருந்தால், உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கு ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத்தேர்வு இருக்கிறது.

பெண் என்பதால் தடை வருமா என்று நேரடியாக நீ கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அது இருக்கிறது. இந்தியாவில் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலகச் சராசரி 5 சதவீதம். ஊரில் யார் கேட்டாலும் இந்த இரண்டு எண்ணையும் சொல்.

இனிக் கொஞ்சம் உன் அப்பாவிடம் பேச வேண்டும். இதை அவரிடம் படிக்கக் கொடு.

அண்ணே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சி.பி.எல். முடிக்க அரை கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஆகும். பெரிய விமானக் கம்பெனிகளின் கேடட் பயிற்சித் திட்டங்கள் ஒரு கோடியை நெருங்கும். அது முடிந்த பிறகும் ஏர்பஸ், போயிங் என்று குறிப்பிட்ட ரகத்தை ஓட்ட டைப் ரேட்டிங் என்ற தனிப் பயிற்சி, அதற்குப் பல லட்சம் தனி. அத்தனைக்குப் பிறகும் வேலை உடனே கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பதினைந்து மாவையும் விற்றால்கூட நடுவில் பணம் தீர்ந்துபோகலாம். பாதி மணி நேரத்தோடு நின்றுபோன பறப்பு எதற்கும் உதவாது.

அதனால் விற்க வேண்டாம். பாப்பா பன்னிரண்டு முடிக்கட்டும். கிளாஸ் ஒன் மெடிக்கல் வரட்டும். நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன் தாள்களை எழுதட்டும், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு உங்கள் ஒரு போக மகசூலுக்குள் அடங்கும். இவை கையில் இருந்தால் பேங்க்கும் மதித்துப் பேசும். கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் அடமானம் கேட்பார்கள். பத்திரத்தை அப்போது வைக்கலாம். விற்பது வேறு, வைப்பது வேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசின் இந்திரா காந்தி உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. 17 வயதானால் நுழைவுத்தேர்வு எழுதலாம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு, மத்திய அரசின் பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையில் சி.பி.எல். படிப்பும் உண்டு. வருமான வரம்பு இரண்டரை லட்சம். திருவாரூர் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

ஃப்ளையிங் ஸ்கூல் பார்க்கப் போகும் காலம் வந்தால், ஆபீஸில் ஏ.சி. ரூமில் உட்கார வைத்தால் உட்காராதீர்கள். நேரே விமானங்கள் நிறுத்தும் ஹேங்கருக்குப் போய், இன்று எத்தனை விமானம் பறந்தது, எத்தனை ரிப்பேரில் நிற்கிறது, எத்தனை இன்ஸ்ட்ரக்டர், போன அணி 200 மணி நேரம் முடிக்க எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளை டீக்கடையில் தனியாகப் பிடித்தும் இதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள், பறந்த மணிக்கு ஏற்பத் தவணை. அனுமதி பெற்ற பள்ளிகளின் பட்டியல் டி.ஜி.சி.ஏ. இணையதளத்திலேயே இருக்கிறது, அதில் இல்லாத பெயருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

பாப்பா, பைலட் வேலை கிடைக்கும்வரை கையில் ஒரு டிகிரி இருப்பது நல்லது. பி.எஸ்சி.யில் இயற்பியலோடு கணிதமும் படித்தால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வும் எழுதலாம், அதுவும் அருமையான வேலை. 18 வயதும் பத்தாவதும் இருந்தால் ட்ரோன் விமானி சான்றிதழும் வாங்கலாம். நம் பக்கம் வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்துவிட்டது. அந்த மணி நேரம் சி.பி.எல். கணக்கில் சேராது, ஆனால் கையில் வருமானம் வரும்.

நாமினல் ரோலில் பெயரைப் பார்த்துவிட்டு, கண் டாக்டர் சொன்னதை எனக்கு எழுது. கூடவே இந்தக் கணக்கையும் போட்டு அனுப்பு: அதே செஸ்னா, அதே திருச்சி–நாகை, அதே 20 நாட். ஆனால் காற்று மேற்கிலிருந்து வரவில்லை, நேர் தெற்கிலிருந்து அடிக்கிறது. நாகையில் போய் இறங்க மூக்கை எந்தப் பக்கம், எத்தனை பாகை திருப்பி வைப்பாய்? பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.